ரசம் முன்னால் இருந்த கண்ணாடி

மழைக்காலத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்துவதே பைத்தியக்காரத்தனம். அதில் என்னிடம் சூரியனைக் கேட்டு வந்து நின்றார்கள் இரண்டு பேர்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். வருஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் கொட்டகைக் கூரையை அந்த வருஷம்தான் புதுக் கீற்றுப் போட்டு வேய்ந்தோம். அந்த வருஷம்தான் அது எல்லா வருஷத்தையும் விட அதிகமாக ஒழுகியது. கீற்று வேய்ந்தவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அது தனிக் கதை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். கம்பெனி கேன்டீனில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து எழுதுகிறவள், கீற்றுக்காரனை விடு என்கிறாள். விட்டேன்.

கொட்டகை, ஒரகடம் போகும் சாலையில் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தரிசில் இருந்தது. இப்போது அங்கே கார் பாகம் செய்கிற கம்பெனி. போன மாதம் அந்த கேட் பக்கம் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினேன். காவல்காரப் பையன் வந்து, “ஐடி கார்டு கீதா பெருசு?” என்றான். மூச்சு விடுவதற்கும் கார்டு வேண்டுமாம்.

நான் அங்கே ஆபரேட்டர். படம் ஓட்டுவது என்றால் அப்போது கார்பன். இரண்டு கரிக் குச்சிகளைத் தொட வைத்துப் பிரித்தால் நடுவில் ஒரு வெளிச்சம் பிடித்துக்கொள்ளும். வெறும் கண்ணால் பார்த்துவிட்டால் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல மறுநாள் வரைக்கும் உறுத்தும். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் குழிவாக ஒரு கண்ணாடி இருக்கும், சாப்பாட்டுத் தட்டு அளவில். அதுதான் வெளிச்சத்தைக் கூட்டிப் படச்சுருள் மேல் தள்ளும். இதைச் சொல்லி வைக்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

வந்த இரண்டு பேரும் நெடுஞ்சாலையில் புதிதாக வந்திருந்த இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள், கடைசி வருஷம். ஒருவன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பையன், திருநெல்வேலிப் பக்கம். இன்னொருத்தி மெட்ராஸ் பெண், கையில் பெரிய கறுப்புக் குடை. குடை இருந்தும் இரண்டு பேரும் நனைந்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, உங்க கார்பன் வெளிச்சம் எங்களுக்குக் கொஞ்சம் வேணும்,” என்றான் பையன்.

எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர்.

“நான் அண்ணாச்சி இல்ல தம்பி. அண்ணாச்சி கட பஸ் ஸ்டாண்டாண்ட கீது. போனா பருப்பு குடுப்பாரு.”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “அண்ணே, நாங்க சூரியனப் பாக்கறதுக்கு ஒரு டெலஸ்கோப் பண்றோம். அத ராக்கெட்ல வச்சு மேல அனுப்பப் போறாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி வேலை செய்யுதான்னு பாத்தாகணும்.”

“சூரியன் மேலதான கீது? ஓசிலயே பாக்கலாமே. அதுக்கு இன்னாத்துக்கு என் கார்பனு?”

“எங்கண்ணே கீது? நீங்களே காட்டுங்க,” என்று குடையை மடக்கிவிட்டு வானத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் வாயில் மழைதான் விழுந்தது.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. சூரிய வெளிச்சத்தில் ஒரு வகையைக் காற்று தடுத்துவிடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் காற்றைத் தாண்டி மேலே போக வேண்டும். ராக்கெட் போகும், டெலஸ்கோப் இருக்கிற பெட்டியின் கதவு திறக்கும், டெலஸ்கோப் கொஞ்ச நேரம் சூரியனைப் பார்க்கும், பார்த்ததை ரேடியோவில் கீழே சொல்லும். பிறகு எல்லாம் கடலில் விழுந்துவிடும். அவர்களுக்கு அது இரண்டு வருஷ வேலையாம். கடலில் போடுவதற்கா இரண்டு வருஷமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்று இரண்டு பேரும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்கள். டியூப்லைட், டார்ச் லைட் எதிலும் அந்த வகை வெளிச்சம் இல்லையாம். கார்பனில் இருக்கிறதாம், கண்ணை உறுத்துவது அதுதானாம். மெட்ராஸ் தியேட்டர்களில் கேட்டால் வாட்ச்மேனே விரட்டிவிட்டானாம்.

திங்கட்கிழமை காலை ராக்கெட் ஆபீஸ் வேன் வந்து பெட்டியை எடுத்துப் போகும். சோதித்துப் பார்த்ததற்கு அத்தாட்சி இல்லாமல் போனால் பெட்டியை வாங்க மாட்டார்கள். ராக்கெட் இவர்களுக்காக நிற்காது. வேறு காலேஜ் பெட்டி ஒன்று வரிசையில் காத்திருந்தது. அடுத்த ராக்கெட் வருவதற்குள் இவர்கள் பரீட்சை எழுதி ஆளுக்கொரு ஊருக்குப் போயிருப்பார்கள். கூட இருந்த மற்ற பிள்ளைகள் மழை பெய்ய ஆரம்பித்ததுமே கையை விரித்துவிட்டார்களாம். மிஞ்சியது இந்த இரண்டும்.

எங்கள் முதலாளியிடம் கேட்டால் துரத்துவார் என்று நம்பித்தான் அவரிடம் அனுப்பினேன். “சயின்சுதான, வுடுய்யா, நாட்டுக்கு நல்லது,” என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நாட்டுக்கு நல்லது. என் ரூமுக்கு?

ஆபரேட்டர் ரூம் என்பது நான்கு பக்கம் செங்கல், மேலே தகரம், கீழே மணல். அதற்குள் மெஷின், நான், படப்பெட்டிகள். அங்கே வந்து பாலிதீன் ஷீட்டில் கொசுவலை மாதிரி ஒன்று கட்டி, அதற்குள் அவர்கள் பெட்டியை வைத்தார்கள். பிறகு ஆரம்பித்தது சட்டம். பீடி பிடிக்கக் கூடாது. சரி. செருப்போடு வரக் கூடாது. சரி. ஆட்டத்துக்கு முன்னால் மெஷினுக்குக் கற்பூரம் காட்டக் கூடாது, புகை படியும்.

“இத்தினி வருசமா காட்றேன். காட்டலன்னா ரீலு அறுந்துடும்,” என்றேன்.

“திங்கட்கிழமை வரைக்கும் மட்டும் சாமிகிட்ட சொல்லிக்கோங்கண்ணே,” என்றாள் அந்தப் பெண்.

கடைசியாக, தூசி இருக்கக் கூடாது. மணல் தரையில் ஜனங்கள் குந்திப் படம் பார்க்கிற கொட்டகையில். “ஏரில தண்ணி இருக்கக் கூடாதுன்னு சொல்லேம்மா, அதயும் எறச்சிட்டு வரேன்,” என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு துணியை நனைத்து என் கையில் கொடுத்தாள்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைக் கொன்றது அந்தப் பையன் வாயிலிருந்த ஒரு வார்த்தை. கண்ணாடி. “அண்ணாச்சி, கண்ணாடியத் தொட்டிராதீங்க” என்பான்; அது பெட்டிக்குள் இருக்கும் குழிக் கண்ணாடி. “கண்ணாடி வழியாப் பாருங்க” என்பான். அது படம் போகிற ஓட்டையில் இருக்கும் சதுரக் கண்ணாடி. “கண்ணாடியச் சூடு பண்ணாதீங்க” என்பான். அது என் மெஷினில் கார்பனுக்குப் பின்னால் இருப்பது. “கண்ணாடி எங்க, கண்ணாடி எங்க?” என்று தவிப்பான், அது அவன் தலைமேலேயே ஏற்றி வைத்திருக்கும் மூக்குக் கண்ணாடி. ஒரு தடவை பொறுக்க முடியாமல், “ஒண்ணொண்ணுக்கும் ஒரு பேரு வையேன்டா” என்றேன். இங்கிலீஷில் நான்கு பேர் சொன்னான். அதற்குக் கண்ணாடியே பரவாயில்லை.

முதல் நாள் சோதனையில் ஜெனரேட்டர் பெல்ட் நழுவி வெளிச்சம் துடித்தது. அவர்களுடைய மீட்டர் முள் தவளை மாதிரி குதித்தது. இரண்டாம் நாள் பெட்டிக்குள் ஈரம் ஏறி, அவர்கள் கண்ணாடி பனி பிடித்துக்கொண்டது. அதனால் சனிக்கிழமை மத்தியானம் அந்தக் குழிக் கண்ணாடியைப் பெட்டியிலிருந்து கழற்றி, பாலிதீன் கூடாரத்துக்குள் ஒரு தாங்கியில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு பல்பைப் போட்டுக் காய வைத்தார்கள். நான் ஜெனரேட்டருக்கு அடியில் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரி கொட்டகையில் சுண்டல், முறுக்கு விற்பாள். ஆட்டத்துக்கு முன்னாலேயே வந்து எனக்குச் சோறு வைத்துவிட்டு, ரூமைப் பெருக்கி, வாரத்துக்கு ஒருமுறை மெஷின் கண்ணாடியையும் துடைத்து வைப்பாள். கார்பன் எரிந்து எரிந்து அதில் வெள்ளையாகப் பொடி படியும். அதற்கு அவள் கைமருந்து விபூதி. பழைய வேட்டித் துணியில் விபூதியைத் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். எங்கள் முதலாளியே அதைப் பார்த்துத்தான் வீட்டு லாந்தர் சிம்னிகளையும் அவளிடம் கொடுத்தனுப்புவார்.

அன்றைக்கு அவள் வந்தபோது இரண்டு பேரும் டீ குடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பையன் செருப்பை மாட்டிக்கொண்டே, “அக்கா, டீ குடிச்சிட்டு வந்திருதோம். அந்தக் கண்ணாடி மங்கலா இருக்கு. கொஞ்சம் தொடச்சி மட்டும் வச்சிருங்க,” என்று முகவாயை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனான்.

அவன் காட்டியது சுவரில் இருக்கும் சதுரக் கண்ணாடி. அவன் முகவாய்க்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது கூடாரம். கூடாரத்துக்குள் பல்பு வெளிச்சத்தில் வட்டமாக, குழிவாக ஒரு கண்ணாடி. மெஷின் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் கத்தினேன்.

முதலில் கத்தியது அந்தப் பெண். மறந்துவிட்ட குடைக்காகப் பாதி வழியில் திரும்பி வந்தவள் போட்ட கூச்சலில் நான் ஜெனரேட்டரில் தலையை இடித்துக்கொண்டேன். ஓடிப் போய்ப் பார்த்தால் என் வீட்டுக்காரி ஒரு கையில் துணி, ஒரு கையில் விபூதிப் பொட்டலத்தோடு நிற்கிறாள்.

“இன்னாமே பண்ண?”

“தொடன்னாங்க. தொட்சேன்.”

“எத்த?”

“கண்ணாடியத்தான்.”

பையன் டீக்கடையிலிருந்து ஓடி வந்தான். கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “சோலி முடிஞ்சுது. ரசம் போயிட்டு.”

“ரசம் எப்பிடிப் போவும்? நான் முன்னாலதான தொட்சேன்?” என்றாள் இவள்.

“ரசமே முன்னாலதான்க்கா இருக்கு!”

“முன்னாலயா? எங்க வூட்டுக் கண்ணாடி, சலூன் கண்ணாடி, இந்தா இந்த மெஷின் கண்ணாடி, எல்லாத்துலயும் ரசம் பின்னாலதான் கீது. முன்னால ரசத்தப் பூசி வச்சா எப்பிடித் தொடைக்கறது?”

“தொடைக்கவே கூடாதுக்கா.”

“தொடைக்கக் கூடாத கண்ணாடி இன்னா கண்ணாடி? அதுல எவன் மூஞ்சி பாக்கறது?”

“சூரியன்,” என்றான் பையன். சொல்லிவிட்டு அழுதான். பெரிய பையன், மீசை முளைத்தவன். மறுபடி ரசம் பூச வேண்டுமென்றால் பெங்களூர் வரைக்கும் அனுப்ப வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள் எங்கே?

நான் வீட்டுக்காரியைத் திட்டினேன். “கூடாரம் கட்டி வச்சிக்கிறாங்களே, அதுக்குள்ள கைய வுடலாமான்னு ஒரு தபா யோசிச்சியா?”

“நீ ஏன்யா ஜெனரேட்டருக்கு அடில பூந்துக்கினு இருந்த? இங்க இருந்து சொல்றதுதான?”

பிறகு பையனைத் திட்டினேன். “நாலு கண்ணாடி கீது ரூமுல. எந்தக் கண்ணாடின்னு சொல்ல வாய் வலிச்சுதா உனக்கு?” அவன் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இந்தச் சத்தம் எதிலும் சேராமல் அந்தப் பெண் கூடாரத்துக்குள் குந்தி, கண்ணாடியைப் பல்புக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரமாக, பிறை நிலா மாதிரி ஓர் இடம், நீரில் பால் கலந்தது போல மங்கி இருந்தது. என் வீட்டுக்காரி கூச்சல் கேட்டுக் கையை நிறுத்தியதில் மற்ற இடம் பிழைத்திருந்தது.

“டேய், அழாத. அந்த எடத்த மட்டும் கறுப்பா மூடிடலாம்,” என்றாள்.

“வெளிச்சம் கொறஞ்சிரும்லா.”

“லூசு, நாம பாக்கப் போறது சூரியன்டா. வெளிச்சத்துக்கா பஞ்சம்?”

பையன் மூக்கை உறிஞ்சினான். யோசித்தான். மறுபடி கண்ணாடியைத் தேடினான். தலைமேல் இல்லை, மணலில் கிடந்தது. என் வீட்டுக்காரி எடுத்துக் கொடுத்தாள். துடைக்காமல் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் மெல்லிய தகட்டைப் பிறை மாதிரி வெட்டிக் கறுப்பு அடித்துக் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை மாட்டிக் கண்ணாடியைப் பெட்டிக்குள் பூட்டினார்கள். பெல்ட்டுக்கு நான் மெழுகு தடவியிருந்தேன். கார்பனைப் பிடித்துவைத்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆட்ட நேரம் வரை இழுத்தார்கள். ஞாயிறு ஆட்டம், மழையிலும் கூட்டம். உள்ளே வந்து குந்திய ஜனம் திரையைப் பார்த்தால் திரை இருட்டு. வெளிச்சம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. விசில் பறந்தது.

“டேய் ஆபரேட்டரு! தூங்கறியா? படத்தப் போட்றா!”

“இர்றா, சூரியன் வருது!” என்று கத்தினேன். எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கையில் கார்பன் குறைந்துகொண்டே வந்தது. முள் ஏறியது, நடுங்கியது, பிறகு ஓர் இடத்தில் நின்றது.

“நிக்குதுடா,” என்றாள் அவள். “நிக்குது. எழுது.”

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. என் வீட்டுக்காரி சனிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பூசணிக்காய் உடைக்கிறேன் என்றாள், கற்பூரமாவது சுற்றுகிறேன் என்றாள். புகை கூடாது, பொடி கூடாது, எதுவும் கூடாது என்றார்கள். கடைசியில் வெறும் கையை வேனைச் சுற்றிக் காட்டி, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். அது மட்டும் சட்டப்படி கூடும் போலிருக்கிறது. அன்று ஆட்டத்துக்கு நான் இரண்டு பங்கு கற்பூரம் காட்டினேன்.

அதற்குப் பிறகு ஆள் சத்தமில்லை. ராக்கெட் போனதா, பெட்டி திறந்ததா, தெரியாது. “போய்ச்சா, இல்ல என்னாலதான் திருப்பி அனுப்பிட்டாங்களா?” என்று இவள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சோறு போடும்போது கேட்பாள், சுண்டல் தாளிக்கும்போது கேட்பாள். நான் என்ன, ராக்கெட் ஆபீஸில் பியூனா?

பங்குனியில் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வேண்டாத போது மட்டும் சூரியன் எவ்வளவு தாராளம்! பையன் சுருட்டிய தாள் ஒன்றை விரித்து என் மெஷின் மேல் வைத்தான். கோடு கோடாகக் கறுப்பும் வெள்ளையும். தூரத்தில் வைத்துப் பார்த்தால் வட்டம். முழு வட்டம் இல்லை, மேல் பாதி. கீழே வெறும் வெள்ளைத் தாள்.

என் வீட்டுக்காரி அந்த வெள்ளையையே பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. “மீதி?”

“மீதிய அனுப்பறதுக்குள்ள கடல்ல விழுந்துடுச்சுக்கா,” என்றாள் அந்தப் பெண். “கதவு தெறக்க லேட்டாயிடுச்சு. நீங்க தொடச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சத்தியமா.”

“அப்ப நான் தொட்ச எடம் இதுல எங்க?”

“அது படத்துல தெரியவே தெரியாதுக்கா. மொத்தமா வெளிச்சம் கொஞ்சம் கம்மியாகும், அவ்ளோதான்.”

“தெரியவே தெரியாதா?”

“தெரியாது.”

இவள் தாளைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஆறுதல் என்று நினைத்தேன். ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் சேர்த்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

“தெரியாததுக்கா அந்தக் கத்து கத்துன? ஒருத்தன் மணல்ல குந்திக்கினு அழுவுறான், இந்தாளு என்ன நாயி மாரி திட்றாரு. இத்தினி மாசம் எனக்குச் சோறு எறங்கல. சரி, அந்தக் கண்ணாடி இப்ப எங்க கீது?”

“கடல்லதான்க்கா,” என்றான் பையன்.

“எந்தக் கடல்ல?”

“வங்காள விரிகுடாவுல.”

“பாத்தியாய்யா?” என்று என் பக்கம் திரும்பினாள். “நான் விபூதி போட்டேன்னு அழுதுச்சுங்க. இதுங்க உப்புத் தண்ணிலயே போட்டுட்டு வந்துகீதுங்க.”